ஏறும் முன் ஒரு சுற்று

மலர்வளையத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று புரியாமல் விமான நிறுவனத்து மேலாளர் கூடத்தில் தடுமாறிக்கொண்டிருந்தார். இறந்துபோன விமானியின் தம்பி அதை வாங்கி அண்ணனின் கால்மாட்டில் வைத்தார். விமானியின் மனைவி நாற்காலியை விட்டு அசையவில்லை. வெளியே விடாத மழை.

நேற்று வேலைக்குப் போன வேகத்தில் திரும்பி வந்து படுத்தவர், காலையில் எழுந்திருக்கவில்லை. ஒரு சக்கரத்தில் பிரேக் இல்லாத விமானத்தை இந்த மழையில் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். பழுதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் ஒருமுறை தள்ளினார்கள், மறுபடியும் தள்ளினார்கள், கடைசியில் விமானிகள் அந்த விமானத்துக்கு நொண்டி என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

"எல்லாரும்தானே ஓட்டுறாங்க, உங்களுக்கு மட்டும் என்ன வந்தது?" என்று கேட்டவள் மனைவிதான். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதை நினைக்க நினைக்க அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

காய்கறிக் கடைக்குப் போவதானாலும் காரை ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு டயரையும் காலால் அழுத்திப் பார்க்காமல் கதவைத் திறக்கிற மனுஷர் இல்லை அவர். மகள் உள்ளிருந்து கத்துவாள்: "டயர் டாக்டர், பேஷண்ட் பிழைச்சுக்குமா?" அவரும் காதில் விழாத மாதிரி சுற்றை முடித்துவிட்டுத்தான் வருவார்.

மேலாளர் அவள் பக்கத்தில் வந்து குனிந்தார். "கவலைப்படாதீங்கம்மா. உங்க பொண்ணு அங்கேயிருந்து வர, நானே சொல்லி சாயங்கால விமானத்துல சீட் போட வெச்சிட்டேன். இப்ப ஏறிக்கிட்டிருப்பாங்க."

அவள் நிமிர்ந்தாள். "எந்த விமானம்?"

"நம்ம விமானம்தாம்மா."

"நம்மதுல எது?"

வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு வந்திருந்த மேலாளர், நனைந்த காலுறைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நொண்டியா?"

"அப்படிச் சொல்லாதீங்க. பறக்கலாம்னு விதியிலயே இருக்கு. வேற கேப்டன் எடுத்துக்கிட்டார்."

"பிரேக்கை மாத்தியாச்சா?"

"பார்ட்ஸ் வரணும்..." என்று மென்று விழுங்கினார்.

அவள் போனை எடுத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள். இந்த முறை மகள் எடுத்தாள்.

"அம்மா, விமானத்துப் படிக்கட்டுகிட்ட நிக்கிறேன். போனை அணைக்கச் சொல்றாங்க."

"ஏறாதே."

"என்னம்மா சொல்றே? அப்பாவைப் பாக்க வேணாமா?"

"பாக்கலாம். பஸ்ல வா. நீ வர்ற வரைக்கும் எடுக்க மாட்டோம். உங்கப்பா எடுக்க மாட்டேன்னு சொன்னது இந்த விமானத்தைத்தான்."

அந்தப் பக்கம் மழைச் சத்தத்துக்கு நடுவே ஒரு குழந்தை அழுதது. பிறகு மகள் மெல்லச் சொன்னாள்: "எனக்குப் பின்னாடி ஒரு அம்மா கைக்குழந்தையோட நிக்கிறாங்க. அவங்ககிட்ட என்ன சொல்ல?"

அவள் மேலாளரைப் பார்த்தாள். "அப்பா சொன்னதைச் சொல்லு. சத்தமாவே சொல்லு."

மேலாளர் கையை நீட்டித் தடுத்தார். "அம்மா, வேண்டாம், பெரிய பிரச்சினையாயிடும்."

"ஆகட்டும்."

அவர் ஷூவைச் சரியாக மாட்டாமலே, போனைக் காதில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

கொழுந்தன் தலையில் கை வைத்துக்கொண்டார். "நாளைக்குக் காலையில எடுக்கறதா எல்லாருக்கும் சொல்லியாச்சு, அண்ணி. பஸ்ல வந்தா எப்ப வந்து சேர்றது?"

"காத்திருக்கட்டும் தம்பி. காரணம் இல்லாம அவர் யாரையும் காக்க வெச்சதில்ல."

மறுநாள் வந்தவர்கள் வாசலிலும் தெருவிலும் குடை பிடித்துக் காத்திருந்தார்கள். சிலர் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டார்கள். அமரர் ஊர்தி வந்து நின்று வெகுநேரம் கழித்துத்தான் மகள் வந்தாள். உள்ளே ஓடி அப்பாவின் கன்னத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

கொழுந்தன் விசாரித்து வைத்திருந்தார். "நாலஞ்சு பேர்தான் இறங்கினாங்களாம். மத்தவங்களோட விமானம் பத்திரமா வந்து சேர்ந்துடுச்சு அண்ணி. ஒண்ணும் ஆகல."

"நல்லவேளை," என்றாள் அவள். மனசாரத்தான் சொன்னாள். "அந்தக் குழந்தை?" என்று மகளிடம் கேட்டாள்.

"என்கூட பஸ்ல வந்துச்சும்மா. வழியெல்லாம் ஒரே அழுகை."

தூக்குவதற்கு ஆட்கள் குனிந்தார்கள்.

"ஒரு நிமிஷம்," என்றாள் மகள்.

தூறலில் இறங்கி, ஊர்தியின் முன்சக்கரத்தருகே போனாள். காலால் டயரை அழுத்திப் பார்த்தாள். அடுத்ததற்குப் போனாள். டிரைவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். கொழுந்தன் கைகாட்டி நிறுத்தினார். பின்பக்கம் அவள் உட்கார்ந்து அடியில் எட்டிப் பார்த்தாள். குடைகள் விலகி வழிவிட்டன. அந்தப் பக்கத்து டயர்களையும் அழுத்திப் பார்த்துவிட்டுச் சுற்றை முடித்தாள்.

பிறகு ஊர்தியின் பின்கதவைத் திறந்து, அவளே பிடித்துக்கொண்டு நின்றாள்.