ஒரு வரிசைக் கோதுமை

ஆண்டுதோறும் மே பதினைந்தாம் தேதி பொழுது சாய்வதற்குள் பல்கலைக்கழகம் தன் ஆள் கையால் ஒரு வரிசைக் கோதுமை விதைக்க வேண்டும். தவறினால் நிலம் ஹௌகன் குடும்பத்துக்குத் திரும்பிவிடும். நாற்பது ஏக்கரைக் கொடுத்தபோது ஓர்வில் ஹௌகனின் தாத்தா வைத்த ஒரே நிபந்தனை அது.

அன்று அந்தப் பல்கலைக்கழகம் ஒரே ஒரு செங்கல் கட்டடத்தில் நடந்த விவசாயக் கல்லூரி. பனிப்புயல் அடித்தால் மாணவர்களும் மாடுகளும் ஒரே கூரைக்கடியில் ஒதுங்குவார்கள். பிறகு பொறியியல் வந்தது, மருத்துவம் வந்தது, மாநிலப் பல்கலைக்கழகம் என்ற பெயர் வந்தது, கால்பந்து மைதானம் வந்தது. பெரும்பகுதியை ஓர்வில்லின் அப்பாவே நிபந்தனை நீக்கி எழுதிக் கொடுத்துவிட்டார். நிபந்தனையோடு மிஞ்சியது ஆய்வுக்கூடத்தை ஒட்டிய இரண்டு ஏக்கர்.

போன குளிர்காலத்தில் விவசாயத் துறை ஊருக்கு வெளியே போனது. அதோடு கோதுமையும் எல்லாருக்கும் மறந்துபோனது. ஓர்வில்லின் மகன் கிரெக் மட்டும் மறக்கவில்லை. அங்கே அடுக்குமாடி கட்டுவது அவன் கனவு.

"அப்பா, இன்னிக்கு நீங்க சும்மா வீட்ல இருங்க, போதும்" என்றான் மே பதினைந்தாம் தேதி காலையில்.

ஓர்வில்லுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்து நினைவூட்டலாம். ஆனால் வாங்கியவனிடம் போய்க் கொடுத்ததைச் சொல்லிக் காட்டும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. சும்மா இருந்தாலோ, தாத்தா கொடுத்ததைப் பேரன் களவாடியதாகும். காபி ஆறிப்போனது. தொழுவம் வரை நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். மாலையில் விதையையும் மண்வெட்டியையும் வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

நிலத்தில் ஒருவருமில்லை. அவர் கை விதைத்தால் செல்லாது. மைதானத்து விளக்குக் கம்பங்களுக்குக் கீழே சூரியன் இறங்கியபோது, வளாகத்தில் வண்டி நிறுத்துவதைக் கண்காணிக்கும் பெண்ணொருத்தி வந்தாள். சட்டையில் டார்லா என்று பெயர்.

"பெரியவரே, இங்க வண்டி நிறுத்தக் கூடாது."

"உனக்குச் சம்பளம் குடுக்கறது பல்கலைக்கழகமா?"

"ஆமா. அதுக்காக அபராதம் குறையாது."

"குறைக்க வேண்டாம். இந்த விதைய ஒரே கோடாப் போட்டு மூடு."

"எதுக்கு, புறாவுக்கா?"

முதுகை வளைக்காமல், உதவி கேட்கிறோம் என்ற தொனி வராமல், ஓர்வில் நிபந்தனையைச் சொன்னார். அவள் சூரியனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"பேசாம இருந்தா நிலம் உங்களுக்குத்தானே வரும்?"

"குடுத்தத எங்க வீட்ல திருப்பி வாங்கறதில்ல."

அவள் மண்வெட்டியை வாங்கிக்கொண்டாள். விதைத்து முடித்ததும் மறக்காமல் அபராதச் சீட்டையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

விதைக்காத நிலத்தைச் சாட்சிக்குப் படமெடுக்க வந்த கிரெக் புது மண்ணைப் பார்த்து நின்றுவிட்டான். "நீங்க விதைச்சா செல்லாதுப்பா."

ஓர்வில் சீட்டை நீட்டினார். பல்கலைக்கழக நிலத்தில் அனுமதியின்றி வண்டி நிறுத்தியதாக அதில் இருந்தது.

"விதைச்சது அவங்க ஆளு. நிலம் யாருதுன்னும் எழுதியிருக்கா. அபராதத்தக் கட்டிட்டு வா."

மகன் போன பிறகும் ஓர்வில்லுக்குக் கிளம்ப மனமில்லை. வரிசை பாம்பு போல நெளிந்து கிடந்தது. நேராக்கக் கை துடித்தது. தன் கை பட்டுவிடக் கூடாதே என்று இரண்டையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டார்.