கையெழுத்து மட்டும் இருந்த தாள்கள்

பெரியம்மா இறந்து சரியாக எண்பது மணி நேரம் ஆனபோது, கட்சித் தலைமையகத்தின் இரண்டாம் மாடியில் நான் தண்ணீர்ப் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். வேட்பாளர் தேர்வுக் குழுவில் பதின்மூன்று பேர். ஒரு நாற்காலிக்கு ஒரு பாட்டில். பன்னிரண்டு போதும் என்பது பதின்மூன்றாவதை வைத்த பிறகுதான் உறைத்தது. எடுக்கக் கையை நீட்டினேன். பிறகு அப்படியே விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலை ஆறு பத்து. மருத்துவமனைச் சீட்டில் அந்த நேரம்தான் எழுதியிருந்தது. அன்றிலிருந்து எனக்கு மணி அங்கிருந்து ஓடுகிறது. நான் இயற்பியல் படித்தவள். சோதனைக்கூடத்தில் எதையும் நேரத்தோடு குறித்துவைக்கச் சொல்லித் தந்தார்கள். படித்ததில் அது மட்டும் மிஞ்சியிருக்கிறது.

பெரியம்மா மாநில மகளிர் அணிச் செயலாளர். கட்சியில் எல்லோருக்கும் அவர் அக்கா. எழுபது வயதுக்காரரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அலுவலகத்தில் நானும் அப்படியே கூப்பிட வேண்டும். என் அம்மாவுக்கு அக்கா, எனக்கும் அக்கா. இந்தக் கட்சியில் சேர்ந்தால் முறையெல்லாம் குழம்பிப்போகும் என்று சொல்லிச் சிரிப்பார். அம்மா போன பிறகு ஆறு வருடமாக அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். அவர் கடிதங்களை நான் கணினியில் அடிப்பேன். வருகிற கடிதங்களைப் பதிவேட்டில் ஏற்றுவேன். கூட்டங்களில் மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பேன். ஒரு கூட்டத்திலும் நான் பேசியதில்லை. அலுவலகத்தில் எனக்கு சைலன்ட்டு என்று பெயர்.

ஆனால் தொலைபேசியில் என் குரல் பெரியம்மாவின் குரல். ஜாடை முகத்தில் இல்லை, அங்கே போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவருடைய அலுவலகத் தொலைபேசி எப்போதும் என் பையில்தான் இருக்கும். தூரத்து ஊர்களிலிருந்து பெண்கள் கூப்பிடுவார்கள். நான் அலோ என்றதுமே தங்கள் வார்டுச் சண்டை முழுவதையும் கொட்டிவிடுவார்கள். இடையில் நிறுத்தி, நான் அக்கா இல்லை என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கும்.

திங்கட்கிழமை பகல் பதினொன்றரைக்கு எல்லையோர ஊரின் பெண் கவுன்சிலர் கூப்பிட்டார்.

"அக்கா, நீங்க செத்துட்டீங்கன்னு இங்க ஒருத்தன் கிளப்பிவிட்டுட்டு அலையறான். செருப்பாலயே ரெண்டு வைக்கட்டுமா?"

"வேண்டாம்," என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை.

"அதானே பார்த்தேன்," என்று வைத்துவிட்டார். மறுநாள் இறுதி ஊர்வலத்துக்கு வந்திருந்தார். பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்தில் நின்றவரிடம், நேற்றுப் பகல்கூட என்னிடம் பேசினாரே என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் பொய் சொல்கிறார் என்று யாரோ முணுமுணுத்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

அந்தத் தொலைபேசியில் ஓர் அலாரம் உண்டு. தினமும் மூன்று பத்துக்கு அடிக்கும். மூன்று மணிக் கூட்டம் என்றால் மூன்று பத்து வரை ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள், நிம்மதியாக மாத்திரை போடலாம் என்பது பெரியம்மாவின் கணக்கு. மணியோசைக்குப் பதில் அவரே பேசிப் பதிவு செய்திருந்தார்: "மாத்திரையப் போடு. அப்புறம் பேசிக்கலாம்." திங்கள் ஒலித்தது. செவ்வாய், ஊர்வலத்தின் நடுவில் என் பைக்குள்ளிருந்து ஒலித்தது. புதனும் ஒலித்தது. அதை நீக்க எனக்குத் தெரியும். நீக்கவில்லை.

அடுத்து அந்தத் தாள்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மகளிர் அணியில் ஒரு நடைமுறை உண்டு. பொறுப்பில் இருக்கும் பெண்கள் சுற்றுப்பயணம் போகுமுன், தங்கள் பெயர் அச்சிட்ட தாள்களின் அடியில் கையெழுத்து மட்டும் போட்டுத் தலைமையகத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அவசரக் கடிதம் என்றால் ஆளைத் தேடிக்கொண்டிருக்க முடியாது என்பார்கள். ஆண் நிர்வாகிகளும்தான் சுற்றுப்பயணம் போகிறார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை கடிதம் காத்திருக்கும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இதில் அடிபட்டவர் டீச்சர். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுக் கட்சிக்கு வந்தவர், பெரியம்மாவோடு ஊர் ஊராகச் சுற்றியவர். அப்போது அவர் மாவட்டச் செயலாளர். ஒரு நாள் காலையில் தன் ராஜினாமாவைத் தானே செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டார். கையெழுத்து அவருடையதுதான். மேலே இருந்த வரிகள் வேறு யாருடையவோ. அதை இப்போதும் வேடிக்கையாகத்தான் சொல்வார்: "ஒரு எழுத்துப்பிழை இல்ல. பையனா இருந்தா முழு மார்க் போட்டிருப்பேன்."

அதன் பிறகு பெரியம்மா சண்டை பிடித்து ஒரு விதியைக் கொண்டுவந்தார். கூட்டத்துக்கு நேரில் வராதவரின் கடிதம் படிக்கப்பட்டால், அதைக் கையில் வாங்கியவர் எப்போது வாங்கினார் என்பதை ஒலிப்பதிவில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். விதி புத்தகத்தில் இருக்கிறது. கூட்டத்தில் பொதுச்செயலாளர் என் பக்கம் திரும்புவார், நான் தலையாட்டுவேன், சைலன்ட்டு ஆட்டிட்டா என்பார், எல்லோரும் சிரிப்பார்கள், அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள்.

மூன்று வாரம் முன்பு, கடைசிச் சுற்றுப்பயணம் கிளம்பும்போது பெரியம்மா காரில் ஏறியவர் மறுபடி இறங்கி வந்தார்.

"பீரோல இருக்கிற தாளையெல்லாம் கிழிச்சிடு. இனிமே நான் படிச்சதுக்கு அடியிலதான் என் கையெழுத்து."

மறுநாள் தொலைபேசியில், கிழிச்சிட்டேன் என்றேன். கிழிக்கவில்லை. அவர் இல்லாத நேரத்தில் பொதுச்செயலாளர் அவசரமாக ஒரு கடிதம் கேட்டால், தாள் இல்லை, ஏன் இல்லை என்று நான் விளக்க வேண்டியிருக்கும். வாய் திறக்க வேண்டியிருக்குமே என்று பயந்தேன். வேறு காரணம் இல்லை. உறையில் பதினொரு தாள்கள் இருந்தன. இப்போது பத்து.

இதெல்லாம் இப்போது முக்கியமாகிவிட்டதற்குக் காரணம் அவருடைய தொகுதி. இந்த முறை சட்டமன்றத்துக்குப் பெரியம்மா போட்டியிடுவதாக இருந்தது. மாற்று வேட்பாளராக டீச்சர் பெயரைப் போடச் சொல்லியிருந்தார். அந்தப் படிவத்தை நான் நிரப்பி அவர் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். திங்கட்கிழமை வந்து படித்துக் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். படிவம் அங்கேயே இருக்கிறது, கையெழுத்து இல்லாமல். குழுவிடம் இருப்பதோ ஒரு கடிதம். கையெழுத்து உள்ள கடிதம். என் உடல்நிலை சரியில்லை, நான் போட்டியிட விரும்பவில்லை, என் இடத்தில் என் கணவரை நிறுத்த வேண்டும். தேதி, அவர் இறப்பதற்கு மூன்று நாள் முந்தையது.

அதை அடித்தது நான்தான். அவர் கடிதங்கள் எல்லாவற்றையும் நான்தான் அடிப்பேன் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

பெரியப்பா கெட்டவர் இல்லை. இருபத்திரண்டு வருடம் பெரியம்மாவின் வண்டியை ஓட்டியவர். மேடைக்குப் பின்னால் சால்வைகளை மடித்து வைத்தவர். முதல் தேர்தலில் சுவரொட்டியில் பெரியம்மாவின் படத்தைவிட இவர் படம் பெரிதாக இருந்தது, அவர் கேட்டுப் போட்டது இல்லை, அச்சகத்தார் தாங்களாகவே போட்டது. திங்கட்கிழமையிலிருந்து அவர் சவரம் செய்யவில்லை. பெரியம்மாவின் கட்டிலில் படுக்காமல் பக்கத்தில் தரையில் படுக்கிறார். இன்று காலை எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டபோது சொன்னார்:

"சீட்டு வீட்டை விட்டுப் போயிடக்கூடாதும்மா. அவ இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பா. நீ எப்பவும் போல தலைய ஆட்டிட்டு வந்துடு. நீ எங்கயும் போக வேண்டாம். இது உன் வீடு."

கடைசி இரண்டு வாக்கியங்களை எதற்குச் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது. தேநீரில் சர்க்கரை அளவாக இருந்தது.

மூன்று மணிக்கு முன்பே எல்லோரும் வந்துவிட்டார்கள். இப்படி நடந்து நான் பார்த்ததில்லை. பதினோரு ஆண்கள், டீச்சர். பெரியப்பா சுவரோர நாற்காலியில் உட்கார்ந்தார். பொதுச்செயலாளர் அவரைக் கையசைத்து மேசைக்கு அழைத்து, காலியாக இருந்த நாற்காலியைக் காட்டினார். பெரியப்பா தயங்கினார். பிறகு வந்து உட்கார்ந்தார். அது பெரியம்மாவின் நாற்காலி. சாய்ந்தால் இடது பக்கம் ஒரு கிறீச் கேட்கும். கேட்டது. டீச்சர் சட்டென்று நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். பெரியப்பா நான் வைத்த பதின்மூன்றாவது பாட்டிலைத் திறந்து இரண்டு வாய் குடித்தார்.

இரண்டு நிமிட மௌனம். ஒலிப்பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்தது. பொதுச்செயலாளர் இரங்கல் தீர்மானம் வாசித்தார். அதில் 'தாயுள்ளம்' நான்கு இடத்தில் வந்தது. பெரியம்மா நடத்திய போராட்டம் ஒன்றுகூட வரவில்லை. பிறகு கடிதத்தை எடுத்து வாசித்தார். வாசிக்க வாசிக்க என் விரல்கள் மடியில் அசைந்தன. எந்த இடத்தில் நிறுத்தினேன், எந்தச் சொல்லை அழித்து மறுபடி அடித்தேன் என்று விரல்களுக்கு நினைவிருந்தது. அடியில் இருந்த பச்சை மைக் கையெழுத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டினார். அது உயிரோடு இருந்த கையின் கையெழுத்து. அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

"அக்காவோட கடைசி ஆசை," என்றார். "இதுக்கு மேல நாம விவாதிக்க என்ன இருக்கு. விதிப்படி ஒண்ணு மட்டும். சைலன்ட்டு, கடிதம் முறையாத்தானே வந்துச்சு?"

பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை. பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். நான் தலையாட்டினேனா என்று எனக்கே தெரியவில்லை.

"ஆட்டிட்டா. எழுதிக்கோங்க," என்றார் பொதுச்செயலாளர். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"கொஞ்சம் இருங்கண்ணே," என்றார் டீச்சர். குரல் உயரவில்லை. தன் கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்துக்கொண்டே பேசினார். "எனக்கு சீட்டு வேணும்னு கேக்கல. அக்கா எழுதியிருந்தா நானே அண்ணனுக்குத் தெருத் தெருவாப் போய் ஓட்டு கேப்பேன். விதியில தலையாட்டறதுன்னு இல்ல. எப்ப வாங்கினான்னு பொண்ணு வாயால சொல்லட்டும். அதுக்குத்தான் அக்கா அன்னிக்கு அவ்வளவு சண்டை போட்டா."

பொதுச்செயலாளர் பெருமூச்சு விட்டு ஒலிவாங்கியை என் பக்கம் தள்ளினார். மேசையில் அது வழுக்கி வந்து என் குறிப்பேட்டில் இடித்து நின்றது.

ஒரு பொய்த் தேதி சொன்னால் போதும். வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணி. ஐந்து சொல்கூட இல்லை. அதைச் சொன்னால் எனக்கு வீடு இருக்கும். நாளைக்குப் பட்டியல் வெளியாகும். வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது.

அப்போது பைக்குள்ளிருந்து பெரியம்மா பேசினார்.

"மாத்திரையப் போடு. அப்புறம் பேசிக்கலாம்."

பெரியப்பாவின் கையிலிருந்து மூடி விழுந்து மேசைக்கடியில் உருண்டது. யாரோ தெய்வத்தைக் கூப்பிட்டார்கள். அலாரத்தை நிறுத்தாவிட்டால் ஐந்து முறை சொல்லும். நான் நிறுத்தவில்லை. ஒவ்வொரு முறையும் அதே நிதானம், 'அப்புறம்' என்ற இடத்தில் அதே சின்ன மூச்சு. பதின்மூன்று பேரும் என் பையைப் பார்த்தார்கள். ஐந்தாவது முறை முடிந்ததும், மின்விசிறியின் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமையும் இப்படித்தான். பெரியம்மாவின் உடலைப் போர்த்தக் கட்சிக் கொடி வேண்டும் என்று பெரியப்பா என்னை இங்கே அழைத்துவந்தார். கொடி பீரோவில், அந்த உறைக்கு மேல் இருந்தது. அன்றும் ஐந்து முறை ஒலித்து ஓயும்வரை பெரியப்பா என் நாற்காலிக்குப் பின்னால் அசையாமல் நின்றார். பிறகு, மேலே சொல்லட்டுமா என்று கேட்டார்.

பையிலிருந்து தொலைபேசியை எடுத்து மேசைமேல் வைத்தேன். ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டேன்.

"நான் இதைக் கையில வாங்கல," என்றேன்.

ஒலிபெருக்கியில் வந்தது பெரியம்மாவின் குரல். மேசையைச் சுற்றி எல்லோரும் நிமிர்ந்தார்கள். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொள்ள மறந்து, கையில் வைத்தபடி என்னைப் பார்த்தார். பெரியப்பா முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை. பெரியம்மாவிடம் ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்போல இருந்தார்.

"எப்ப அடிச்சேன்னு மட்டும்தான் எனக்குத் தெரியும். திங்கக்கிழமை மத்தியானம், மூணு பத்து. கொடி எடுக்க வந்தப்போ. கையெழுத்து மட்டும்தான் தாள்ல முன்னாடியே இருந்துச்சு. பெரியப்பா சொல்லச் சொல்ல நான் அடிச்சேன். அப்ப பெரியம்மா செத்து ஒன்பது மணி நேரம் ஆயிருந்துச்சு."