ஜன்னலோர மேசையில் தம்பி

திரைச்சீலைக் கடையில் காலையிலிருந்து மெஷினை மிதித்து மிதித்துத் தையல்காரியின் கால் விண்விண்ணென்று தெறித்தது. மதியம் வெளியே தூறல். பக்கத்துத் தெருவில் புதிதாகத் திறந்திருந்த, ராமென் என்கிற ஜப்பான் நூடுல்ஸ் கடைக்குள் நுழைந்தாள். நாமே எடுத்து, நாமே சாப்பிட்டு, நாமே தட்டைக் கொண்டுபோய் வைக்கிற கடை. அதனால் விலை கையைக் கடிக்காது.

தட்டோடு வரிசையில் நின்றாள். நூடுல்ஸ் வேகும் பானைகளிலிருந்து எழுந்த ஆவி விளக்குகளைச் சுற்றிப் படர்ந்திருந்தது. கண்ணாடிச் சுவர் வியர்த்து, தெருவில் போகிறவர்களெல்லாம் நிறம் கரைந்து நீந்துகிற மாதிரி தெரிந்தார்கள். பக்கத்தில் பேசுகிறவர்கள் குரல்கூட எங்கோ தூரத்தில் கேட்டது. கிண்ணத்தில் நூடுல்ஸ் வாங்கி, அண்டாவிலிருந்து சூப்பை மொண்டு ஊற்றிக்கொண்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஜன்னலோரம் அப்பா உட்கார்ந்திருந்தார்.

அதே வளைந்த முதுகு. சூடானதை ஊதும்போது லேசாக அசைகிற அதே காதுகள். அப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாயிற்று என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் கால்கள் தம்பாட்டுக்கு நடந்தன. பயமே வரவில்லை. கனவில் வருகிறவர்களிடம் நீங்கள் இறந்துவிட்டீர்களே என்று யாரும் கேட்பதில்லை. அந்த மாதிரிதான் இருந்தது. எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

நிமிர்ந்து பார்த்தது தம்பி.

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். அப்பாவின் சாவுக்கு அவள் வந்து சேர நேரமாகிவிட்டது. "விருந்தாளி மாதிரி வந்து நிக்கிறா" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள்தான். ஒரே ஊரில் இருந்தும் பேச்சுவார்த்தை இல்லை.

"தலை எப்படா நரைச்சுது?" அவள் வாயில் அதுதான் வந்தது.

"நீ பாக்காதப்போ."

"பின்னாலேர்ந்து அப்பான்னே நெனச்சுட்டேன்."

"லிஃப்டுக்குள்ள கண்ணாடி இருக்கும்லக்கா? கதவு மூடினதும் அவர்தான் எதிர்ல நிக்கிறார்." குச்சியால் நூடுல்ஸைக் கிளறினான். "ஒரு நாள் பேசிக்கூடப் பாத்தேன்."

"என்ன சொன்னார்?"

"அக்காவைக் கூப்பிட்டியான்னு கேட்ட மாதிரி இருந்துது."

சூப்பைக் குடிப்பது போலக் கிண்ணத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டாள். சூடு கண்ணில் பட்டது. அழுதால் யாருக்கும் தெரியாது.

"அன்னிக்கு எனக்கு யார் மேல கோபப்படறதுன்னு தெரியலக்கா. நீதான் எதிர்ல வந்தே."

"சரி, சாப்பிடு. ஆறிடும்."

சின்ன வயதில் முட்டையின் மஞ்சள் அவனுக்கு, வெள்ளை அவளுக்கு. அந்த ஞாபகத்தில் தன் முட்டையைக் குச்சியாலேயே பிரிக்கப் பார்த்தான். அது வழுக்கிப் பறந்து அவள் கிண்ணத்தில் விழுந்தது. இரண்டு பேர் முகத்திலும் சூப்பு. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்கள்.

"வீட்டுக்கு வாயேன். என் பொண்டாட்டி உன்னைக் கேக்காத நாளில்ல."

"எப்போ?"

"இப்பவே."

கடைக்குப் போன் பண்ணி அரை நாள் லீவு சொன்னாள். ஏன் என்று முதலாளி கேட்டதற்கு, "தம்பி வந்திருக்கான்" என்றாள். தட்டுகளைக் கொண்டுபோய் அடுக்கிவிட்டு இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். அவன் குடையில் ஒரு கம்பி ஒடிந்திருந்தது. ஒரு பக்கம் நனைந்துகொண்டே, வழியெல்லாம் அவன் பேசுவதைக் கேட்டபடி நடந்தாள்.