தொண்ணூற்றேழு டிகிரி

செருப்பு வெளியே, சட்டை வாளிக்குள், கை முழங்கை வரை சோப்பு நுரைக்குள். அதற்கப்புறம்தான் கூலிங் தன் சொந்த வீட்டுக்குள்ளேயே காலெடுத்து வைக்க முடியும். சட்டம் போட்டதும் அவரேதான்.

ஃபிரிட்ஜ், ஏ.சி. ரிப்பேர் பார்ப்பதால் தெரு வைத்த பெயர் கூலிங். மனைவிக்குக் கீமோதெரபி தொடங்கியதிலிருந்து மனிதர் கொதித்துக்கொண்டேதான் இருந்தார். "ரத்தத்துல வெள்ளையணு ரொம்ப இறங்கியிருக்கு. சாதாரணக் கிருமியே ஆளைச் சாய்ச்சிடும். காய்ச்சல் நூறைத் தாண்டினா உடனே போன் பண்ணுங்க. நீங்களா மாத்திரை போட்டு மறைச்சிடாதீங்க" என்று நர்ஸ் சொன்னது காதிலேயே குடியிருந்தது.

பூங்கொத்தோடு வந்தவர்கள் வாசலோடு திரும்பினார்கள். நோயாளியை யாரும் தொடக்கூடாது, கூலிங் உட்பட. உதவிக்கு வந்த மச்சினி நொந்துபோனாள்.

"அத்தான், மூச்சு விடலாமா? இல்ல அதையும் சோப்பு போட்டுக் கழுவணுமா?"

"கழுவ முடிஞ்சா கழுவு."

மருந்தின் கைங்கரியத்தில் மனைவிக்கு வாயெல்லாம் புண். அதற்கும் கூலிங்கிடம் வழி இருந்தது. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை உறையவைத்த பொடிப்பொடி ஐஸ்கட்டிகள். அன்று காலையும் ஒன்றை உறிஞ்சிக்கொண்டிருந்தவளின் நாக்கடியில் தெர்மாமீட்டரைச் செருகினார்.

தொண்ணூற்றேழு.

"ஜில்லுன்னு இருக்கே!"

"ஏங்க, ஊரான் வீட்டு ஃபிரிட்ஜைக்கூட இத்தனை தடவை பார்க்க மாட்டீங்க" என்றாள் அவள். குரல் சுரத்தில்லாமல் இருந்தது. தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

பேக்கரிக்காரர் கையைப் பிசைந்தபடி நின்றார். "அண்ணே, மீட்டர் சமத்தா ஜில்லுன்னு காட்டுது. உள்ள வெச்ச க்ரீமெல்லாம் புளிச்சுப் போகுது. பேய் கீய் இருக்கா?"

குளிர்ப் பெட்டிக்குள் தலையை விட்ட கூலிங் சிரித்தார். "பேயுமில்ல, பிசாசுமில்ல. கழுவுறப்ப யாரோ சென்சாரைத் தள்ளி ஐஸ் படிஞ்ச குழாய் மேல சாத்திட்டாங்க. அது ஐஸோட குளிரைத்தானே காட்டும்? உள்ளே வெந்தாலும் மீட்டர் ஜில்லுன்னுதான்…"

நாக்கு நடுவாக்கியத்தில் ஒட்டிக்கொண்டது. ஸ்க்ரூடிரைவர் விழுந்து உருண்டது.

ஐஸ். நாக்கு. தெர்மாமீட்டர்.

வீட்டுக்கு போன் அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. எடு, எடு, எடு…

"அத்தான்! நானே கூப்பிடலாம்னு இருந்தேன். அக்காவுக்கு உடம்பு வலியாம். ரெண்டு போர்வை போர்த்தியும் நடுங்குறா. காலையிலதான் காய்ச்சல் இல்லன்னு பார்த்துட்டீங்களே, ஒரு பாராசிட்டமால்…"

"குடுத்துட்டியா?"

"கையில வெச்சிருக்கேன்."

"குடுக்காத! ஐஸ் வாயில இருக்கா?"

"அது என்னைக்கு இல்ல?"

"துப்பச் சொல்லு. தெர்மாமீட்டரை அக்குள்ல வை."

பேக்கரிக்காரர் தண்ணீர் நீட்டினார். கூலிங் கண்ணில் அது படவே இல்லை. போனில் ஃபேன் சத்தம். பிறகு 'பீப்'.

"அத்தான்…" என்றாள் மச்சினி. "நூத்தி ஒண்ணு."

அடுத்த அழைப்பு ஆஸ்பத்திரிக்கு. "எப்போலேருந்து காய்ச்சல்?" என்றாள் நர்ஸ்.

"தெரியல மேடம். நான்தான் தப்பா அளந்துட்டேன்."

"அதை அப்புறம் பேசலாம். உடனே கூட்டிட்டு வாங்க. கீமோ பேஷண்ட்னு வாசல்லயே சொல்லுங்க. கூட்டத்துல உட்கார வைக்காதீங்க."

ஆஸ்பத்திரியில் தனி அறை. ரத்தம் எடுத்தார்கள். ஆன்டிபயாடிக் சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்கியது.

"நல்ல நேரத்துல வந்துட்டோமா மேடம்?"

"மாத்திரை போடாம வந்தீங்க, அது நல்லது. மத்ததை ரத்த ரிசல்ட்டும் ராத்திரியும்தான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் போய்விட்டாள்.

மனைவி கண் திறந்தாள். "ஏங்க… ஐஸ்…"

"அளந்து முடிச்சதும் தர்றேன்மா."

"காலையிலயே உடம்பு கொதிச்ச மாதிரிதான் இருந்துச்சு. மெஷின் காய்ச்சல் இல்லன்னுச்சு. நீங்களும் இல்லன்னீங்க. அதான் பேசாம இருந்துட்டேன்."

கூலிங் எழுந்தார். கைகளைச் சோப்புப் போட்டு, விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினார். துடைத்தார். தன் சட்டத்தைத் தானே மீறி, வெகுநாளைக்கப்புறம் அவள் நெற்றியில் உள்ளங்கையை வைத்தார்.

சுட்டது. கையை எடுக்காமல், சொட்டு இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.