இராஜம்மா டீச்சர் திருத்திய வரி

என் கணவர் குகன் சுபாங் ஜெயாவில் கார் இன்ஷூரன்ஸ் விற்கிறார். மிச்ச நேரத்தில் கவிஞர். இந்த முறை பிரிக்பீல்ட்ஸ் கவியரங்கத்துக்குத் தலைப்பு 'போர்' என்றதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. யுத்தத்தில் ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனவர்களில் அவருடைய தாத்தாவும் ஒருவர். திரும்பி வரவில்லை. அதைப் பற்றி என் மாமனார் இதுவரை வாயே திறந்ததில்லை. இந்தக் கவிதையைக் கேட்டாவது அப்பா ஒரு வார்த்தை பேச வேண்டும் என்பதுதான் குகனின் ஆசை.

கவிதையை எனக்குப் படித்துக் காட்டினார். மூன்று இடத்தில் ரத்த ஆறு ஓடியது.

"கிள்ளான் ஆத்துலயே இவ்ளோ தண்ணி இல்லங்க" என்றேன்.

"உனக்கு என்ன தெரியும் லா, தாமரை" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

கவியரங்கத்தன்று மாமா முன்வரிசையில் உட்கார்ந்து வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். மகன் கவிதை முடிந்ததும் எழுந்து, "மைக் நல்லா இருந்துச்சு" என்பார். இத்தனை வருட விமர்சனமும் அதுதான்.

ரத்த ஆறுகளைக் கடந்து தண்டவாளத்துக்கு வந்தார் குகன். அங்கேதான் வந்தது வினை. 'சிலிப்பர்களாய்க் கிடந்தனர்' என்று தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டையை நினைத்து அவர் எழுதியிருந்தார். கவியரங்கக் கவிதைகளை மலராக அச்சடித்த இராஜம்மா டீச்சருக்கு ஆங்கிலச் சொல் ஆகாது. நாம் காலில் போடுவதும் சிலிப்பர்தானே? டீச்சர் நல்ல தமிழாக்கிவிட்டார். மலரைப் பார்த்து வாசித்த குகனும் வந்த வேகத்தில் முழங்கிவிட்டார்:

"தண்டவாளத்தின் அடியில் காலணிகளாய்க் கிடந்தனர் எம் முன்னோர்!"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. நானும்தான், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு. குகன் மேடையில் விழித்தார்.

சிரிப்புச் சத்தத்தில் மாமா கண்ணைத் திறந்தார்.

"செருப்பா? எங்கப்பாவுக்கு ஏதுடா செருப்பு? வெறுங்கால்லதானே லோரியில ஏத்துனானுங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. குகன் மைக்கை விட்டு விலகி மேடை ஓரத்துக்கு வந்தார்.

"நீங்க பாத்தீங்களாப்பா?"

"பாத்தேன். நல்ல வெயிலு. லோரித் தகரம் சுட்டுச்சு போல. நின்னுகிட்டே கால மாத்தி மாத்தித் தூக்குனாரு." மாமா தம் கைகளைப் பார்த்துக்கொண்டார். "அப்பா ஆடுறாருன்னு நெனச்சு நான் கைதட்டுனேன்டா. லோரி போற வரைக்கும் தட்டுனேன்."

குகன் மீதிக் கவிதையை வாசிக்கவில்லை. கீழே இறங்கி வந்து மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.