வளைவில் வைத்த பொறி

என் கணவருக்கு முகமே கிடையாது என்று எங்கள் கார்டு ரொம்ப நாள் கேலி செய்துகொண்டிருந்தார். கார்டு, ரயிலின் கடைசிப் பெட்டியில் இருப்பவர். முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவள் நான். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் பாதை வளைகிற இடத்தில், வேலிக்கு வெளியே, ஞாயிறு தவறாமல் ஒரு ஆள் நிற்பார். கழுத்துக்கு மேலே ஒரு கறுப்புக் கேமராதான் இருக்கும்.

எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். வேலியோரம் ஆள் நின்றால், எந்த நேரம் குறுக்கே பாய்ந்துவிடுவாரோ என்றுதான் எந்த டிரைவருக்கும் தோன்றும். நீளமாக ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போவேன். பிறகு ஒரு நாள் மூக்குக்கண்ணாடி போட ஒரு கடைக்குப் போனேன். கண்ணைச் சோதித்த கடைக்காரர், நான் செய்யும் வேலையைச் சொன்னதும் கையிலிருந்த லென்ஸைக் கீழே வைத்தார். "ஞாயித்துக்கிழமையானா என்னை ஹாரன்லயே திட்டறது நீங்கதானா?" என்றார். அந்தக் கடைக்காரரைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகும் ஞாயிறும் வளைவும் மாறவில்லை. கார்டு மட்டும் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்தார். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் பவர் பார்த்துக் கண்ணாடி போட்டுக் கொடுக்கிற மனுஷர், என் ரயில் வந்தால் மட்டும் பதறிவிடுவார். முந்தி அமுக்கினால் வெறும் தண்டவாளம், பிந்தி அமுக்கினால் இரண்டாவது பெட்டி. ஜன்னலில் என் முகம் தெளிவாகத் தெரிகிற படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை.

இந்த நிலையில் எனக்குப் பதவி உயர்வு வந்தது. வேறு பாதையில் எக்ஸ்பிரஸ் வண்டி. அடுத்த ஞாயிறுதான் அந்த வளைவில் நான் கடைசியாகப் போவது.

"இந்தத் தடவை விடவே மாட்டேன். உன் முகத்தைப் புடிச்சே தீருவேன்" என்றார்.

"என் முகம் இருக்கட்டும். இத்தனை வருஷமா அங்க உங்க முகத்தை நான் பார்த்திருக்கேனா? பார்த்ததெல்லாம் அந்தக் கறுப்புப் பெட்டிதான். கடைசி நாளாச்சும் அதை எறிஞ்சிட்டு மனுஷனா வந்து நில்லுங்க. ஒரு தடவை கையாட்டுங்க, போதும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் அதைக் கவனித்துவிட்டார்.

அன்றிலிருந்து ஏதேதோ படித்தார், யார் யாருக்கோ போன் போட்டார். கடைசியில் கேமராவை முக்காலியில் மாட்டி, கூடத்தின் நடுவே நிறுத்தி, சமையலறை வாசலைப் பார்த்துத் திருப்பிவைத்தார். ஃபோகஸை வாசற்படியில் நிறுத்திவிட்டு, படம் எடுக்கிற பொத்தான் உள்ள ஒரு ஒயரை மாட்டி, அந்தப் பொத்தானை அமுங்கியபடியே பூட்டினார். கேமரா சும்மா இருந்தது.

"எலிப்பொறி மாதிரிதான். படியில ஒண்ணும் இல்லாதவரைக்கும் சும்மா இருக்கும். அந்த இடத்துக்கு யாராச்சும் வந்து தெளிவாத் தெரிஞ்சா, அந்த நொடியே தானா எடுத்துடும். என் கை வேண்டாம், கண்ணும் வேண்டாம். நான் தள்ளி நின்னு உனக்குக் கையாட்டலாம்" என்றார்.

அப்புறம் வீட்டில் எனக்கு நிம்மதி போயிற்று. டம்ளரோடு வந்தால் க்ளிக். கொட்டாவி விட்டபடி வந்தால் க்ளிக். பக்கத்து வீட்டுப் பூனை எட்டிப் பார்த்ததற்கு அதன் மீசை முடி ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி ஒரு படம். தலைவிரிகோலமாக நான் நிற்கிற படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை க்ளிக்னு கேட்டுச்சு, உங்களையும் கேமராவையும் சேர்த்து ஒரு வழி பண்ணிடுவேன்" என்றேன்.

"அதுக்கு ரயிலுன்னும் தெரியாது, பூனைன்னும் தெரியாது. எது முதல்ல வருதோ அதைப் புடிக்கும்" என்றார் பெருமையாக. அந்தப் பெருமையைப் பார்த்ததும் என் கோபம் பாதியாகிவிட்டது.

ஞாயிறு வந்தது. வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தேன். வேலிக்கு வெளியே முக்காலி தனியாக நின்றுகொண்டிருந்தது. முன்கூட்டியே குறித்து வைத்திருந்த ஒரு வேலியோரக் கம்பத்தின் தூரத்துக்கு ஃபோகஸ் வைத்திருப்பார். என் கேபின் அந்தக் கம்பத்தை எட்டியதும் அது தானாக எடுத்துக்கொள்ளும். முக்காலிக்குச் சற்றுத் தள்ளி அவர் நின்றார். கண்ணுக்கு முன்னால் எதுவும் இல்லை. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பாக்கெட்டில் விட்டார், எடுத்தார், பின்னால் கட்டிக்கொண்டார்.

அங்கிருந்து முகம் தெளிவாகத் தெரியவில்லை. தூரம் அதிகம். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு சின்ன ஹாரன் கொடுத்தேன். இந்தத் தடவை திட்டுவதற்காக அல்ல.

அந்தச் சத்தத்தில் மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ஓட்டமாக வேலியோரப் பாதையில் என்னை நோக்கி ஓடி வந்தார். இரண்டு கையும் மேலே. சட்டை வெளியே வந்திருந்தது, கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது, வாய் முழுசாகத் திறந்து எதையோ கத்திக்கொண்டிருந்தார். கம்பத்துக்குப் பக்கத்தில் வந்து மூச்சு வாங்க நின்றார். அவர் முகத்தை நான் பார்த்தேன். இவ்வளவு சந்தோஷமும் இவ்வளவு துக்கமும் அந்த முகத்தில் ஒன்றாக இருந்து நான் பார்த்ததேயில்லை. ஒரு கை என் வேலையில் இருந்தது. மற்றொரு கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஆட்டினேன். கடந்துவிட்டேன்.

கடைசிப் பெட்டியும் கடந்ததும் உள் தொலைபேசியில் கார்டின் குரல் வந்தது. "அம்மா, மாப்பிள்ளைக்கு நிஜமாவே முகம் இருக்கும்மா!"

வேலை முடித்து வீட்டுக்குப் போனால், கேமராவை மடியில் வைத்துக்கொண்டு முகத்தைத் தொங்கப் போட்டபடி உட்கார்ந்திருந்தார். நான் கேட்பதற்கு முன்பே நீட்டினார்.

படம் அபாரமான தெளிவு. சட்டையின் சுருக்கம், காலர் தையல், பிடரி முடி, தூக்கிய கைகளின் நரம்பு எல்லாம் தெரிந்தது. எல்லாம் அவருடையது, பின்பக்கமிருந்து. அவருக்கு அப்பால் ரயில் வெறும் வண்ணக் கலங்கலாக இருந்தது. அதில் மஞ்சள் மேலங்கி போட்ட ஒரு பொட்டுதான் நான். அடுத்து வந்த படங்களிலும் அவர் முதுகு ரயிலை மறைத்துக்கொண்டு நின்றது.

"நான் வச்ச பொறியில நானே போய் மாட்டிட்டேன். கடைசி சான்ஸ். உன் முகத்தை விட்டுட்டேன்" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அப்படி என்னதான் கத்தினீங்க? காதுல விழல."

அவருக்கு வெட்கமாகிவிட்டது. "வேற என்ன கத்துவேன்? பாத்துப் போயிட்டு வான்னுதான்."

தினமும் வாசலில் சொல்வதுதான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அழித்துவிடலாம் என்று அவர் பொத்தானைத் தேடினார். கேமராவைப் பிடுங்கிக்கொண்டேன்.

அச்சுப் போட்ட அந்தப் படம் இப்போது என் பையில் இருக்கிறது. எக்ஸ்பிரஸில் ஏறும் முன் ஒரு தடவை எடுத்துப் பார்ப்பேன். புதிய கார்டு எட்டிப் பார்த்துவிட்டு, "யாரும்மா இது, முகமே தெரியலையே?" என்று கேட்டார்.

"அவர் என்னைப் பார்த்துக்கிட்டிருக்கார்" என்றேன்.