முதல் குப்பி
எத்திராஜின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த மஜ்ஜையைச் சின்னக் குப்பியில் அடைத்து அவன் மனைவி சின்னத்தாயியிடம் கொடுத்தார்கள். அதைப் பரிசோதிக்கும் வசதி அந்த ஆஸ்பத்திரியில் கிடையாது. நோயாளியின் வீட்டார்தான் வெளி லேபுக்கு எடுத்துப்போக வேண்டும்.

டாக்டர் மமதா பொறுமையாகச் சொல்லியிருந்தார். ரத்தப் புற்றுநோய்ச் செல்களின் மேற்புறத்தில் சிலருக்கு சி.டி. இருபது என்றொரு புரதம் இருக்கும். இருந்தால், அதைப் பற்றிக்கொண்டு செல்லைக் கொல்லும் மருந்து ஒன்று புதிதாக வந்திருக்கிறது. ஒரு டிரஸ்ட் இலவசமாகவே தரும். இல்லையென்றால் அந்த மருந்தால் பயனில்லை. பழைய மருந்துகள் எதுவும் எத்திராஜுக்குக் கேட்கவில்லை.

கெட்டுப்போவதற்குள் சேர்த்துவிடுங்கள் என்று நர்ஸ் சொன்னது மட்டும் சின்னத்தாயியின் மனதில் நின்றது. ஸ்ரீராம்புரத்தில் மீன் விற்பவள் அவள். மார்க்கெட்டில் இறங்கித் தூக்குவாளியில் ஐஸை நொறுக்கிப் போட்டாள். குளிர் ஏறக் கல்லுப்பைத் தூவி, நடுவில் குப்பியைப் புதைத்தாள். பஸ்ஸில் வாளியை மடியைவிட்டு இறக்கவே இல்லை.

லேபில் இருந்த பெண் வாளிக்குள் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"யாரும்மா இதை ஐஸ்ல வெக்கச் சொன்னது?"

உறைந்துபோனதில் செல்லெல்லாம் உடைந்திருக்கும், மறுபடி எடுத்து வர வேண்டும் என்றாள்.

முதல் ஊசிக்கே துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்தவன் எத்திராஜ். சின்னத்தாயி அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

"என்னையும் வஞ்சிரம்னு நெனச்சிட்டியாம்மே," என்றான். மறுநாள் அவனாகவே ஒருக்களித்துப் படுத்து முதுகைக் காட்டினான்.

இந்தத் தடவை குப்பியை வெறும் துணியில் சுற்றி எடுத்துப்போனாள். சோதனை சரியாக நடந்தது. அந்தப் புரதம் இல்லை.

முதலிலும் இருந்திருக்காது, ஐஸால் நேர்ந்ததில்லை, அதே நோய்தானே என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். சின்னத்தாயி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எத்திராஜைத் தோளில் தாங்கிப் படியிறங்கும்போதுதான் வாய் திறந்தாள்.

"மொதக் குப்பியில இருந்துச்சு."

"டாக்டரம்மா இல்லைன்னு சொல்றாங்கல்ல."

"அவங்க அதைப் பாக்கலியே."

வீட்டுக்குப் போகலாம் என்றான் எத்திராஜ். பஸ் வரும்வரை அவனை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தை மட்டும் அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை.